ஒரு குடத்துக்கு ஒரு கூடை

"குடத்தை அப்புறம் வை. முதல்ல மண்ணு எங்கே?"

ஜோரிமன் சாச்சி அடிகுழாயின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மறந்துட்டேன் சாச்சி," என்றான் மோஃபிஸ். மனைவிக்கு மாதம் நிறைந்திருந்ததால் அவனே குடத்தோடு வந்திருந்தான். "நாளைக்கு ரெண்டு கூடையா கொண்டு வர்றேன்."

"அப்போ தண்ணியையும் நாளைக்கே ரெண்டு குடமா எடுத்துக்கோ."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மோஃபிஸ் முணுமுணுத்துக்கொண்டே கூடையைத் தேடிப் போனான்.

பிரம்மபுத்திராவின் நடுவே எங்கள் மணல்தீவு. மற்றக் குழாய்களில் துருத்தண்ணீர்தான் வரும். தேநீர் போட்டால் மையாகக் கறுக்கும். சாச்சி தன் ஒரே பசுவை விற்று ஆழமாக இறக்கிய குழாயில் மட்டும் நல்ல தண்ணீர். ஒரு குடத்துக்கு ஒரு கூடை மண், அதுதான் விலை. அதைத் தன் குடிசைக்குப் பக்கத்தில் கொட்டச் சொல்வாள்.

"மேட்டுல வீடு கட்டப் போறா. நம்ம முதுகு ஒடியுது," என்றாள் என் மனைவி, கூடையை இறக்கியபடி.

"மகாராணிக்கு மாளிகை!" என்றான் மோஃபிஸ். "வெள்ளம் வந்தா மேலே உட்கார்ந்து நம்மள வேடிக்கை பார்ப்பா."

மேடு ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. அதன் சரிவில் சாச்சி அறுகம்புல் பதித்தாள்.

முன்பெல்லாம் சில வருடங்களுக்கு ஒருமுறை வந்த பெருவெள்ளம், இப்போது வருடம் தவறுவதில்லை. அந்த வருடம் சீக்கிரமே வந்துவிட்டது. ஆட்களுக்குப் படகு உண்டு. மாடுகளுக்கு என்ன செய்வது? பெருநாளுக்கு விற்க வளர்க்கும் மாடுதான் எங்களுக்குச் சேமிப்பு, வருடத்துச் சோறு. அது ஆற்றோடு போனால், டாக்காவில் ரிக்‌ஷா மிதிக்கப் போக வேண்டியதுதான்.

மோஃபிஸ் மார்பளவு தண்ணீரில் தன் செங்காளையை இழுத்துக்கொண்டு மேட்டடிக்கு வந்தான். பின்னால் நாங்களும் எங்கள் மாடுகளோடு.

"சாச்சி... ஓரமா கொஞ்சம் இடம் கொடுத்தா..."

"ஓரத்துல எதுக்கு, சரிஞ்சு விழவா? மேலே ஏத்துடா!"

ஏறிப் பார்த்தோம். வீட்டுக்கென்று ஒரு மூங்கில்கூட நட்டிருக்கவில்லை. வரிசையாக மாடு கட்டும் முளைகள், ஊரில் வீட்டுக்கு ஒன்று. சாச்சியின் குடிசை கீழேயே இருந்தது. ஜன்னல் வரைக்கும் தண்ணீர்.

மோஃபிஸ் கயிற்றை முளையில் சுற்றினான். தலை நிமிரவில்லை.

"எங்க மாட்டுக்குத்தான்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே சாச்சி?"

"சொன்னேனே. எல்லாருக்கும் பொதுவா ஒரு மேடு போடலாம்னு போன வருஷம் வீடு வீடா வந்து கூப்பிட்டேன். ஒருத்தரும் ஒரு கூடை கொண்டு வரல."

சாச்சி ஈர முந்தானையைப் பிழிந்தாள்.

"தண்ணிக்கு விலைன்னு சொன்னேன். ஒரு நாள் தவறாம வந்தீங்க."