டீச்சர் அசையவில்லை

"டீச்சர், தலையைக் கொஞ்சம் தூக்குங்க. இந்தப் பக்கம் பாருங்க."

மொட்டை மாடியில், பூந்தொட்டிகளுக்கு நடுவே குப்புறப் படுத்துக்கொண்டு போட்டோக்காரர் பழக்கதோஷத்தில் கெஞ்சினார். டீச்சர் அசையவில்லை. அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் பிடித்தே பிழைப்பு நடத்துகிறவர் அவர். கண்ணைக்கூடச் சிமிட்டாத இப்படியொரு ஆள் அவருக்குக் கிடைத்ததே இல்லை.

காரணம், டீச்சர் செத்துப்போயிருந்தது.

டீச்சர் என்பது அவருடைய மகள் வளர்த்த கும்பிடுபூச்சி. முக்கோண முகம், எந்நேரமும் ஒரு முறைப்பு. வகுப்பு டீச்சர் அப்படித்தான் பார்ப்பார் என்று மகள் வைத்த பெயர் அது.

மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனபோது பூச்சி மட்டும் இவர் தலையில் விழுந்தது. மாமியாருக்குப் பூச்சி என்றாலே ஆகாது. "கடையில தொங்குற வெள்ளைத் திரையும் நானும் ஒண்ணுதான். ரெண்டையும் நீங்க திரும்பிப் பாக்கறதில்ல" என்று மனைவி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். 

அதிலிருந்து அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் இருந்த ஒரே போக்குவரத்து டீச்சர்தான். தினம் காலையில் கூண்டைத் திறந்து, ரோஜாவிலோ செம்பருத்தியிலோ ஏற்றிவிட்டுப் படம் பிடிப்பார். மகளுக்குத் தனி போன் கிடையாது என்பதால் மனைவியின் எண்ணுக்கு அனுப்புவார். பள்ளிக்கூட நாளோ லீவு நாளோ, கீழே போய்க் கடையைத் திறந்து பத்து மணிக்கு உட்கார்ந்தால் பதில் வந்திருக்கும்.

'டீச்சர் அழகு. விரல்ல என்ன கட்டு?'

'டீச்சர் ஜோர். பின்னாடி கொடியில நேத்துத் துணி இன்னும் கிடக்குதே, எடுக்கலையா?'

"முளைச்சு மூணு இலை விடல, அதுக்குள்ள அதிகாரத்தைப் பாரு" என்று சிரித்துக்கொண்டே மாடியேறித் துணியை எடுப்பார். அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடும்.

கொஞ்ச நாளாக டீச்சர் இரையைத் தொடவில்லை. தலைகீழாகத் தொங்கிக்கொண்டே இருந்தது. வெயில் பட்டால் தெம்பு வரும் என்று இன்று செம்பருத்திச் செடியில் விட்டுவிட்டு, அவசரமாகப் படம் கேட்டு வந்தவரைக் கவனிக்கக் கீழே இறங்கினார். திரும்பி வந்தால், தொங்கிய இடத்திலேயே வெளிறிச் சருகாகக் காய்ந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தார், கனமே இல்லை.

"வெயில்ல போட்டுக் கொன்னுட்டேனே" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

பூச்சி போனது துக்கம்தான். அதைவிடத் துக்கம், நாளைக்கு எதை அனுப்புவது? இனி எந்தச் சாக்கில் அந்த எண்ணுக்கு ஒரு வார்த்தை போடுவது? அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கடைசியில் அட்டையில் படம் ஒட்டுகிற பசையைக் கொண்டுவந்தார். விரிந்த செம்பருத்தியின் மேல் டீச்சரை ஒட்டி நிறுத்தினார். இன்றைய பொழுது தப்பினால் போதும் என்றிருந்தது.

முகத்துக்கு நேராகப் படம் பிடித்தார். முகம் சரியாக விழுந்ததா என்று மட்டும் பார்ப்பது அவர் தொழில் பழக்கம். பின்னால் வெள்ளைத் திரையைத் தவிர எதையும் பார்த்துப் பழகாத கண். 'டீச்சர் நல்லா இருக்கு' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

பதில் வரவில்லை. போன் அடித்தது. பிரிந்து போனபின் மனைவியிடமிருந்து வந்த முதல் அழைப்பு.

"டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"நல்லாத்தானே இருக்கு."

"உண்மையைச் சொல்லுங்க."

"செத்துப்போச்சு" என்றார். "நான்தான் வெயில்ல விட்டுட்டேன். பாப்பாகிட்ட இப்ப சொல்லாத." தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஒரு பூச்சியைக்கூடப் பாத்துக்கத் தெரியல எனக்கு."



"அது டீச்சர் இல்லைங்க. உரிச்சுப் போட்ட தோல். பாம்பு சட்டை உரிக்குமே, அதுமாதிரி. போன தடவை உரிச்சப்ப நானும் பாப்பாவும் பக்கத்துலயே உக்காந்து பாத்தோம். நீங்க கடையில இருந்தீங்க."

அவர் பூவைத் திருப்பிப் பார்த்தார். டீச்சரின் முதுகு நெடுக பிளேடால் கீறினாற்போலக் கிழிந்திருந்தது.

"பூவுக்குப் பின்னாடி, இடது பக்கம் ஒரு பெரிய இலை இருக்கு பாருங்க. அதுக்கு அடியில. படத்துலயே தெரியுது."

இலையைத் தூக்கினார். முன்னைவிடப் பெரிதாக, பச்சைப்பசேலென்று, புதுச் சிறகை உலர்த்தியபடி டீச்சர் தொங்கிக்கொண்டிருந்தது. அதே பழைய முறைப்பு. அவருக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"இருக்கு, உசுரோட இருக்கு" என்றார். "பாப்பாதான் கண்டுபிடிச்சாளா? அவகிட்ட போனைக் குடு."

"அவ ஸ்கூலுக்குப் போயாச்சு. அந்தப் பூச்சியையும் அவ எப்பவோ மறந்தாச்சு."

"அப்ப தினமும் பதில் போட்டது?"

 அவள் மெல்லச் சொன்னாள்.

"நான்தாங்க. பின்னாடி எங்கயாவது நீங்க தெரியறீங்களான்னு பாப்பேன்."