முறிந்த நுகத்தடி

வண்டி குடைசாய்ந்து நுகத்தடி முறிந்தது. வண்டிக்காரன் ஆசாரியைத் தேடிப் போனான். செவலைக்காளை துள்ளிக் குதித்து, ஜோடி மாடான மயிலையிடம் சொன்னது:

"இனி நாம யாருக்கும் அடிமையில்லே! பிறப்பிலே எல்லாரும் சமம். புல்லு பொது. அவங்கவங்க இஷ்டப்படி மேயலாம்!"

சொல்லிவிட்டு ஓடியது. வயிறு முட்ட மேய்ந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், மயிலை நின்ற இடத்திலேயே நின்றது.

"உனக்கும் அதே உரிமைதானே, ஏன் வரலே?"

"உரிமை இருக்குப்பா. கண்ணுதான் ரெண்டு வருஷமாத் தெரியலே. நீ கழுத்தைத் திருப்பினா நுகத்தடியிலே தெரியும், நானும் திரும்புவேன்."

செவலை மெல்ல வந்து, வழக்கம்போல இடப்பக்கம் ஒட்டி நின்றது. தோளில் தோள் பட்டதும் மயிலை திடுக்கிட்டது.

"மறுபடி பூட்டிட்டாங்களா?"

"இல்லே. நானாத்தான் வந்திருக்கேன். நட."