காத்தாயியின் கண்

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று ராஜலட்சுமிக்குப் பயம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். சரியான பதில் தெரிந்தாலும் கையைத் தூக்காதவள். இப்போது கேட்பதோ முதலாளியம்மா.

"ராஜிக்கா, காலையில என்னதான் நடந்துச்சு? மொதல்லேருந்து சொல்லுங்க."

முதலாளியம்மா என்றால் ஷர்லி. பெங்களூரில் படித்துவிட்டு வந்து, கீரனூருக்குப் பக்கத்தில் தகர ஷெட் போட்டு, ஊர்ப் பாலை வாங்கிச் சீஸ் செய்து திருச்சி ஹோட்டல்களுக்கு அனுப்புகிறாள். "நல்ல பாலைக் கெட வச்சு விக்கிறதுக்கு ஒரு படிப்பா?" என்று ஊரே சிரித்தது. பிறகு அதே ஊர்தான் கேனோடு வரிசையில் நின்றது.

இன்றைக்கு அந்தப் பால் கெட மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டது.

நூற்றிருபது லிட்டர். உறைமோர் மாதிரி காலையில் போட்ட கல்ச்சர் பொடிக்கு மதியம் வரை புளிப்பே ஏறவில்லை. அள்ளி அச்சில் வைத்தால் கட்டியாகாமல் கஞ்சியாக வழிந்தது.

"நீங்க சொன்ன சூடுதான் மேடம். நீங்க சொன்ன அளவுதான் போட்டேன்" என்றாள் ராஜலட்சுமி.

"வேற யாராச்சும் வந்தாங்களா?"

கூட வேலை பார்க்கும் சத்யபிரியா முந்திக்கொண்டாள். "காத்தாயி வந்துச்சு மேடம். அண்டாவை எட்டிப் பாத்து, 'ஏயப்பா, எம்புட்டுப் பாலு'ன்னுச்சு. அதோட சோலி முடிஞ்சுச்சு. போன வருசம் எங்க முருங்கையைப் பாத்து, 'காய் கொத்துக் கொத்தா தொங்குதே'ன்னுச்சு. மறுநாளே மரம் சாஞ்சிருச்சு."

காலையில் பால் ஊற்றிவிட்டுப் போய், இப்போது காலி கேனுக்காக வந்து வாசலில் உட்கார்ந்திருந்த காத்தாயி திரும்பினாள்.

"அன்னிக்குப் புயல் அடிச்சுச்சேடி. அதையும் நான்தான் கையைப் புடிச்சுக் கூட்டியாந்தேனாக்கும்."

"கண்ணு பட்டா கல்ச்சர்ல இருக்கற நல்ல கிருமி சாகாது" என்றாள் ஷர்லி. "மடி வீக்கத்துக்கு மாட்டுக்கு ஊசி போட்டா, அந்த மருந்து பால்ல வரும். அதுலதான் சாகும். ஊசி போட்டா அஞ்சு நாளைக்கு இங்க பால் ஊத்தக் கூடாதுன்னு போர்டே வச்சிருக்கேன். எல்லார் பால்லயும் கொஞ்சம் பாட்டில்ல எடுத்து வச்சிருக்கேன். சாயங்காலம் திருச்சி லேபுக்குப் போகுது. யாருன்னு தெரியட்டும். அவங்க பாலும் வேணாம், அவங்க முகமும் வேணாம்."

அந்த வரிசையில் ராஜலட்சுமியின் பாட்டிலும் இருந்தது. இங்கே வாங்கும் சம்பளமும், ஒற்றை மாட்டின் பாலும் சேர்ந்துதான் மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தன.

"பாலை அளந்து ஊத்துறது நீங்கதானே, ராஜிக்கா. யார் மேலயாவது சந்தேகமா?"

ராஜலட்சுமியின் கண் தன் போக்கில் காத்தாயி பக்கம் போனது.

காத்தாயி அதைப் பார்த்தாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து வந்தாள்.

"எம் மாட்டுக்குத்தான் ஊசி போட்டேன், புள்ள. போர்டு வச்சியே, எனக்குப் படிக்கத் தெரியுமான்னு கேட்டியா?"

"இதைக் காலையிலயே சொல்றதுக்கு என்ன?"

"காலையில நீ கேக்கலையே."

ஷர்லியின் முகம் சிவந்தது. "இனிமே உங்க கேன் இந்த வாசலுக்கு வரக் கூடாது."

"கேன் வராது. நான் வரலாமா?"

"நீங்களும்தான்."

"நல்லது. நாத்தம் புடிச்ச எடம்" என்று கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள் காத்தாயி.

லேபுக்குப் போக இருந்த பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்தாள் சத்யபிரியா. "ஊசியாம்ல, ஊசி. கண்ணும்தான் மேடம்" என்று முனகிக்கொண்டே.

ராஜலட்சுமி பின்னாலேயே ஓடி, ரோட்டு முக்கில் காத்தாயியைப் பிடித்தாள்.

"அக்கா, எதுக்குக்கா இப்படி..."

"திங்கக்கிழமை ஒம் மாட்டுக்கு ஊசி போட்டப்ப மூக்கணாங்கயித்தைப் புடிச்சுக்கிட்டு நின்னது யாரு? நான்தானே. மூணே நாள்ல கேனைத் தூக்கிட்டு வந்துட்ட. காலையில எட்டிப் பாத்ததே, ஒம் பாலும் அண்டாவுல விழுந்துருச்சான்னுதான். விழுந்துருந்துச்சு. நாலு பேரு முன்னால கேட்டா ஒனக்கு அசிங்கம்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டு வந்தேன்."

"வீக்கம் வத்திருச்சே, போதும்னு நெனச்சுட்டேங்க்கா."

"நெனச்ச. எனக்கென்ன, டீக்கடை இருக்கு, அங்கிட்டு ஊத்திக்குவேன். ஒனக்குப் பாலும் போயி வேலையும் போயிட்டா, புள்ளை படிப்பு என்னாகுறது? நாளைக்கும் ஊத்தித் தொலைக்காத. கன்னுக்குட்டி குடிச்சிருச்சுன்னு சொல்லு. போ, போயி அண்டாவைக் கழுவு."

ராஜலட்சுமி திரும்பிப் போய் அண்டாவைக் கழுவினாள்.

வீட்டுக்கு வந்தும் அதே யோசனைதான். காத்தாயி திங்கட்கிழமை ஊசியைப் பார்த்திருக்கிறாள். இன்றைக்குப் பாலையும் பார்த்திருக்கிறாள். இவ்வளவையும் பார்த்துவிட்டு ஒருத்தரிடமும் மூச்சு விடாமல் இருக்கிற கண், நல்ல கண்ணாகவா இருக்கும்?

விடிந்ததும் விடியாததுமாகக் கீரனூர் கடைவீதிக்குப் போனாள். இருப்பதிலேயே பெரிய பூசணிக்காயாகப் பார்த்து வாங்கி, பிதுங்கிய முழியும் கோரைப் பல்லும் வரையச் சொல்லி, காத்தாயி வீட்டைப் பார்த்த மாதிரி ஷெட் வாசலில் தன் கையாலேயே கட்டித் தொங்கவிட்டாள்.