சிவந்த வீடு

வெள்ளம் வடிந்த பன்னிரண்டாம் நாள் காலையில், நிவாரண அலுவலகத்துப் 'புள்ளி சார்' ஒரு திருடியைப் பிடித்தார். கம்ப்யூட்டரில்தான்.

அவருடைய நிஜப் பெயர் அங்கே யாருக்கும் நினைவில்லை. ஊர் வரைபடத்தைத் திரையில் விரித்து, பொதுமக்களின் செய்தி எந்த போனிலிருந்து வருகிறதோ அந்த இடத்தில் ஒரு புள்ளி விழும்படி செய்தவர் அவர். செய்தி கூடக் கூடப் புள்ளி சிவக்கும். எது அதிகம் சிவக்கிறதோ, அங்கே முதல் லாரி.

"உக்காந்து மனு படிக்கிற காலமெல்லாம் போச்சு சார். இனிமே புள்ளியே பேசும்" என்று மேலதிகாரியிடம் மார்தட்டியிருந்தார்.

வீட்டில் அந்தப் பெருமை செல்லாது. "உப்பு டப்பா எங்க இருக்குன்னு இருபது வருஷமா தெரியாது. இவர் ஊருக்கு மேப் போடறாராம்!" என்பாள் மனைவி. "அதுக்கும் ஒரு புள்ளி வச்சுட்டாப் போச்சு" என்று அவரும் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்வார்.

அன்று திரையில் மேட்டுத் தெருவின் கடைசி வீடு மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தது. ஒரே போனிலிருந்து பத்து நாளில் நாற்பத்தேழு செய்திகள். அந்த வீட்டில் இறங்கிய நிவாரணப் பெட்டிகள் முந்நூற்றுப் பன்னிரண்டு. அங்கே குடியிருப்பதோ ஒரே ஒரு தையல்காரம்மா.

லாரி டிரைவரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"சாயங்காலமானா அந்தம்மா பெட்டியைத் தள்ளுவண்டியில ஏத்தி எங்கயோ கொண்டுபோறாங்க சார்."

வேறென்ன வேண்டும்? போலீசுக்குச் சொல்லி, இன்ஸ்பெக்டரின் ஜீப்பில் தொற்றிக்கொண்டார்.

அவருடைய வரைபடம் ஜீப்பை ஒரு முட்டுச் சந்தில் கொண்டுபோய் நிறுத்தியது. பிறகு டீக்கடையில் கேட்டுத்தான் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். "எனக்கு மேப் போடத்தான் வரும் சார், வழி தெரியாது" என்று அசடு வழிந்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

மேட்டுத் தெருவில் ஒரு சொட்டு ஈரமில்லை. கடைசி வீட்டின் கதவு பாதிதான் திறந்தது. மீதியைப் பெட்டிகள் மறித்தன. அரிசி, போர்வை, சோப்பு என்று கூரைவரை அடுக்கு. தையல் மெஷினே கண்ணில் படவில்லை. கழுத்தில் அளவு டேப்போடு வெளியே வந்த தையல்காரம்மா, காக்கிச் சட்டையைப் பார்த்தும் பதறவில்லை.

"இதையெல்லாம் யாருக்கும்மா விக்கறீங்க?" இன்ஸ்பெக்டர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"விக்கறதா? நல்லா இருக்கே! வாய்க்கால் கரையில அறுபது குடும்பம் வீடு வாசல் இல்லாம கிடக்குது சார். இரவல் வண்டி. ஒரு நடைக்கு எட்டுப் பெட்டிக்கு மேல என்னால தள்ள முடியல. இடுப்பு விட்டுப்போச்சு."

புள்ளி சார் அவசரமாக போனில் வரைபடத்தைத் திறந்தார். வாய்க்கால் கரை துடைத்துவிட்ட பலகைபோல் இருந்தது.

"அங்கேர்ந்து ஒருத்தர்கூட உதவி கேக்கலையேம்மா!"

"போன் எல்லாம் தண்ணியோட போயிடுச்சு. எதுல கேப்பாங்க?"

புள்ளி சாருக்கு அப்போதுதான் உறைத்தது. பத்து நாளாக அந்தப் பக்கம் ஒரு லாரிகூடப் போகவில்லை. போகாமல் பார்த்துக்கொண்டது அவருடைய புள்ளிதான். இருந்தாலும், பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரை யார் மாற்ற முடியும்?

"உங்க நல்ல மனசு புரியுது. ஆனா வெள்ளமே வராத வீட்டுல உக்காந்துகிட்டு, வேணும் வேணும்னு நாப்பத்தேழு தடவை கேட்டு வாங்கினது மோசடிதானே? கேஸுன்னா கேஸுதான்மா."

தையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் அனுப்பினதை நீங்க படிச்சீங்களா சார்?"

இன்ஸ்பெக்டரும் அவர் பக்கம் திரும்பினார்.

"எண்ணினோம்..." என்று இழுத்தார் புள்ளி சார். காது மடல் சுட்டது. அந்தச் சிவப்புப் புள்ளியை முதன்முறையாக விரலால் தொட்டுத் திறந்தார்.

"சத்தமாப் படிங்க சார், எனக்கும் கேக்கட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

முதல் செய்தியைப் படித்தார். "ஐயா, எங்க தெருவுல தண்ணி வரலை. இங்க எதுவும் வேண்டாம். வாய்க்கால் கரைக்கு அனுப்புங்க."

மீதி நாற்பத்தாறும் ஒரே வரிதான்: "ஐயா, மறுபடியும் லாரி எங்க வீட்டுக்கே வந்துடுச்சு."