ஒரு நிமிஷ ரிப்போர்ட்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் இருந்ததாம். அதற்கு ஒரு முதலாளி. அவருக்கு ஆசைக்கு ஒன்று, அவஸ்தைக்கு ஒன்று. ஆசைக்கு, புதிதாக வாங்கிய மெஷின். அவஸ்தைக்கு, மைக்ராஸ்கோப் அக்கா.

மெஷின் சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் எல்லாவற்றையும் ஒரே நிமிஷத்தில் எண்ணிக் காகிதத்தில் துப்பிவிடும். அக்காவோ சந்தேகம் வந்தால் போதும், ஒரு சொட்டைக் கண்ணாடியில் தீற்றி, காயவைத்து, சாயம் போட்டு, லென்ஸில் கண்ணை வைத்தால் எடுக்கவே மாட்டாள்.

"ஏம்மா, ரத்தம் பாக்கிறியா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கிறியா? இவ்வளவு நேரமா?" என்பார் முதலாளி. காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள்.

அன்று ஒரு லாரி டிரைவரின் ரிப்போர்ட் வந்தது. ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாத பிளேட்லெட், பதினெட்டாயிரம்.

முதலாளி உதட்டைப் பிதுக்கினார். "இன்னிக்கே ஆஸ்பத்திரியில சேர்ந்துடுங்க. பிளேட்லெட் ஏத்தணும்."

டிரைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நல்லாத்தானே சார் இருக்கேன்? சும்மா லைசென்ஸுக்கு செக்கப்னு வந்தேன்."

"அதை நீங்க சொல்லக் கூடாது. மெஷின் சொல்லணும்."

அக்கா காகிதத்தின் மேல் கையை வைத்தாள். "கால் மணி நேரம் குடுங்க சார்."

"ஆரம்பிச்சுட்டா!" என்றார் முதலாளி.

"இவங்களாலதான் நமக்கு லேட்டு" என்று கோட்டு போட்ட ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

சொன்னபடி கால் மணி நேரத்தில் அக்கா லென்ஸிலிருந்து தலையைத் தூக்கினாள். "பயப்படாதீங்க அண்ணே. ரத்தம் உறையாம இருக்க ஊதா மூடி டியூப்ல ஒரு மருந்து இருக்கு. சில பேருக்கு அது பட்டா பிளேட்லெட் எல்லாம் குவியல் குவியலா ஒட்டிக்கும். மெஷினுக்குக் குவியலை எண்ணத் தெரியாது."

வேறு மருந்து உள்ள நீல மூடி டியூபில் மறுபடி ரத்தம் எடுத்தாள். அதே மெஷினில்தான் போட்டாள். ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம்!

டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

முதலாளி முகம்தான் கடுகடுத்தது. "நாலு பேர் முன்னாடி என் மெஷினைப் பொய்யாக்கிட்டே இல்ல? ஒரு நிமிஷத்துல ரிப்போர்ட்னு வாசல்ல போர்டு வெச்சிருக்கேன். நீ போர்டையே கழட்டிடுவே போல. நாளையிலேருந்து வராதே!"

"வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான் சார்."

"அதுக்கு மெஷின் என்ன பண்ணும்?"

அக்கா பையை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். பின்னாலேயே முதலாளி வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு டியூபை எடுத்தார்.

"போறதுதான் போறே, இதை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடும்மா. என் பொண்ணோடது. நாலு நாளா ஜுரம்."

"மெஷின்ல போட்டா ஒரு நிமிஷம் சார்."

"விளையாடாதேம்மா. ஒரே பொண்ணு. நீ உன் கண்ணால பாரு. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல."

அந்த நேரம் பார்த்து கவுன்டர்ப் பெண் கதவை அகலத் திறந்தாள். "சார், மெஷின் காலியாத்தான் இருக்கு. காலையில எடுத்தோமே, உங்க பொண்ணோட ரத்தம், அதைக் குடுங்க, போட்டுடறேன்."

"ஐயையோ, அதை மெஷின்ல போடாதே!" என்று அலறினார் முதலாளி.

திறந்த கதவு வழியாக அது உள்ளே பெஞ்சு வரைக்கும் கேட்டது.

கோட்டுக்காரர்தான் முதலில் எழுந்தார். முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே கவுன்டருக்கு வந்தார். "அப்ப என்னோடதையும் அந்த அக்காவே பாக்கட்டும்."

"எங்களுதையும்!" என்று அவருக்குப் பின்னால் பெஞ்சே எழுந்து நின்றது.

அக்கா திரும்பி வந்தாள். பையை ஆணியில் மாட்டினாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

முதலாளி அவசரமாக டியூபை நீட்டினார்.

"உங்களுக்கு முன்னாடி பதினாலு பேர் இருக்காங்க சார்" என்றாள் அக்கா, லென்ஸைத் துடைத்தபடி. "உக்காந்திருங்க, கூப்பிடுறேன். நாளைக்கு நான் வரணுமா வேண்டாமான்னு அதுக்குள்ள யோசிச்சு வைங்க."

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி டியூபை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடைசி நாற்காலியைப் பார்த்து நடந்தார்.