குப்பைமேடு

கானா நாட்டின் குமாசி நகரக் கடைவீதியில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பெயருக்காக மல்லுக்கு நின்றார்கள்.

“பெத்த பிள்ளைக்கு ‘சுமினா’ன்னு, அதான் குப்பைமேடுன்னு, யாராவது பேர் எழுதுவாங்களா?” என்றாள் செர்வா.

“மூத்தது ரெண்டுக்கும் அழகா பேர் வெச்சோம். மாசம் தாண்டலையே. குப்பைன்னு சொன்னாதான் சாவு சீந்தாதுன்னு நீயும்தானே தலையாட்டினே?” என்றான் ஒபெங்.

“பள்ளிக்கூடத்துல மூக்கைப் பொத்திக்கிட்டுல்ல கூப்பிட்டானுங்க. பேரை மாத்துறேன்னு அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். அடோம்னு எழுதச் சொல்லுங்க.”

“சீக்கிரம் முடிவு பண்ணுங்கண்ணே, பெயிண்ட் காயுது” என்றான் பெயிண்டர்.

ஒபெங் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“அவ சொல்றதையே எழுதுப்பா. இனிமே யாரை ஏமாத்தணும்?”

பெயிண்டர் குனிந்து, அந்தச் சின்னச் சவப்பெட்டியின் மூடியில் முதல் எழுத்தைப் போட்டான்.