ரம்பம் கேட்ட அத்தாட்சி

காட்டோரத்து மரங்களையெல்லாம் அறுத்து முடித்த ரம்பம், நடுக்காட்டைப் பார்த்துச் சப்புக்கொட்டியது. அப்போது பறக்கும் கேமரா ஒன்று படத்தோடு வந்து இறங்கியது.

"நில்லுங்கண்ணே! உள்ளே ஒரு தேவாங்குக் கூட்டம் இருக்கு. இதுவரைக்கும் வெளியாள் கண்ணில் பட்டதே இல்லை. இதோ பாருங்க."

ரம்பம் படத்தைத் திருப்பித் திருப்பி ஆராய்ந்தது. "கண்ணு ஏன் இவ்வளவு பெரிசு? வரைஞ்சு ஒட்டியிருக்கே. சரி, யார் கண்ணிலும் படாத கூட்டத்தை நீ மட்டும் எப்படிப் பார்த்தே?"

"மேலே பறந்துபோய் எடுத்தேண்ணே."

"கதை விடாதே தம்பி. நிஜம்னா ஒண்ணு நேரில் வந்து நிக்கட்டும்."

கேமரா போய்க் கெஞ்சியது. காடாவது பிழைக்கட்டும் என்று ஒரு கிழத் தேவாங்கு மரத்தைவிட்டு இறங்கி, வெயிலில் கண் கூச வந்தது. "நாங்க இருக்கோம்யா" என்றது.

ரம்பம் அதை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தது.

"வெளியாள் கண்ணிலேயே படாத கூட்டம்னு சொன்னே. இது என்னடான்னா, என்கிட்டயே வந்து பேசுது! ஊர்த் தேவாங்குக்கு நல்லாத்தான் வேஷம் கட்டியிருக்கே."

தேவாங்கு திரும்பிப் போனது. அது இறங்கி வந்த மரத்தில் ரம்பம் அதற்குள் பல்லைப் பதித்திருந்தது.